ஃபெங்ஜீ கேட்ட ஒரு தாள்

ஒற்றைச் செருப்பு சந்தின் நடுவே கிடந்தது. அதைப் போட்டிருந்தவள் பத்தடி தள்ளி, நனைந்த காலுறையோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் முட்டைக்கோஸ்.

"அக்கா! செருப்பு!" என்று கத்தினேன்.

கோ ஃபெங்ஜீ திரும்பினாள். என்னைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். டிசம்பர் மாதத்து மழைத் தண்ணீர் எலும்பு வரை குத்தும். அதற்குள் அவள் பாதம் கணுக்கால் வரை முழுகியிருந்தது.

"எப்ப கழண்டுச்சு மெய்ரோங்?" என்று என்னிடமே கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிறவள், தன் செருப்பை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

வென்ஜோ நகரத்தின் ஓரத்தில், தோல் கழிவு கலந்து கறுத்த கால்வாய்க்குப் பின்னால் எங்கள் வரிசை வீடுகள் இருந்தன. மாடிக்கு எட்டு அறை, எட்டுக்கும் ஒரே குழாய். நான் குய்ஜோ மலைப்பக்கத்துக்காரி. தொழிற்சாலையில் தையல் பிரிவு. பக்கத்து அறையில் ஃபெங்ஜீயும் அவள் கணவன் தேஷெங்கும். அவர்கள் ஹெனான் மாகாணத்தில் கோதுமையும் புழுதியும் தவிர வேறொன்றும் இல்லாத ஊரிலிருந்து வந்தவர்கள். தேஷெங் அதே தொழிற்சாலையில் லாரியில் பெட்டி ஏற்றினான். ஃபெங்ஜீ ஒன்பது வருடமாகப் பசை மேசையில் இருந்தாள். அடிப்பாகத்தில் மஞ்சள் பசை தடவி ஒட்டுவது, வழிந்ததைத் திரவத்தில் நனைத்த துணியால் துடைப்பது, இதுதான் வேலை. குளிரில் பசை சரியாகப் பிடிக்காது என்று குளிர்காலம் முழுக்க ஜன்னலைச் சாத்தி வைப்பார்கள். முகத்துக்கு ஒரு காகித மூடி. முதல் மாதம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகித்தான் போனது.

அவள் பதினாறு வயதில் விசுவாசத்துக்கு வந்தவள். அவள் ஊரில் மாட்டுக்கொட்டகையில் முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, அழுது, சத்தம் போட்டு ஜெபிப்பார்களாம். வென்ஜோ சபை வேறு மாதிரி. உச்சியில் சிவப்புச் சிலுவை, பளிங்குப் படிகள், வாசலில் வரிசையாகக் கறுப்புக் கார்கள். காலை ஆராதனை உள்ளூர்ப் பேச்சில் நடக்கும். அந்தப் பேச்சு அடுத்த மாவட்டத்துக்காரனுக்கே விளங்காது. எங்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு, கீழ்த்தளத்தில், மடக்கு நாற்காலியில், "வெளியூர் ஐக்கியம்". அதை நடத்தியவள் நிங் என்ற இளம் ஊழியக்காரி. அன்ஹுய் மாகாணத்துப் பெண். அவளுக்குச் சம்பளம் கொடுத்தது சபை. சபையின் மூத்த மூப்பர், எங்கள் தொழிற்சாலை முதலாளி ஜின்.

ஜின் மூப்பரைக் கெட்டவர் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். அவர் சிறு வயதில் தோளில் பை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பொத்தான் விற்றவர். கூழுக்கும் வழியில்லாமல் வளர்ந்ததை மேடையில் அடிக்கடி சொல்வார். புத்தாண்டு வசந்த விழாவுக்கு ஊருக்குப் போக முடியாதவர்களைக் கூப்பிட்டு, தன் கையாலேயே கொழுக்கட்டை பிடித்து வேகவைத்துப் பரிமாறுவார். திங்கட்கிழமை காலையில் தொழிற்சாலையில் பத்து நிமிடம் ஜெபம். கட்டாயமில்லை. ஆனால் யார் வரவில்லை என்பதை மேற்பார்வையாளர் கவனித்துக்கொள்வார்.

செருப்பு விழுந்த இரண்டாவது வாரம் ஃபெங்ஜீயால் மாடிப்படி ஏற முடியவில்லை. கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தாள். அதே மேசையில் இருந்த யுன்னான்காரி லூவுக்கும் அப்படியே. சிறு மருத்துவமனையில் ஒரு டாக்டர் ஊசியால் ஃபெங்ஜீயின் பாதத்தில் குத்திக்கொண்டே வந்தார்.

"தெரியுதா?"

"எங்க குத்துறீங்க டாக்டர்?"

அவர் ஊசியை வைத்துவிட்டார். "பசையைத் துடைக்கிறீங்களே, அந்தத் திரவத்தோட ஆவி நரம்பைத் தின்னுருக்கு. சீக்கிரம் விட்டா பாதியாவது திரும்பும். தொழில்நோய் பார்க்கிற பெரிய மருத்துவமனைக்குப் போங்க."

பெரிய மருத்துவமனையில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எந்த வேலை, எத்தனை வருஷம், என்ன ரசாயனம். கம்பெனி எழுதி சீல் வைக்கணும். அந்தத் தாள் இல்லாம நான் ஃபைலே திறக்க முடியாதும்மா."

ஒரே ஒரு தாள்தானே என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். முதலாளி நம் சபைக்காரர். கேட்டால் கொடுத்துவிடப் போகிறார்.

அடுத்த நாளே ஜின் மூப்பர் அவள் அறைக்கு வந்தார். ஒரு மூட்டை அரிசி, ஒரு கேன் எண்ணெய், பெட்டி நிறைய ஆரஞ்சு, புதுப் போர்வை. வெளியே குழாயடி முழுக்கக் கூட்டம் கூடிவிட்டது. நல்ல கோட்டுப் போட்டிருந்த மனிதர், ஈரம் கசிந்த சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு, அவள் பாதத்தில் கை வைத்து ஜெபித்தார். அழுதார். ஃபெங்ஜீயும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மூப்பரே, அந்தத் தாள் மட்டும்..."

"எந்தத் தாள் சகோதரி?"

"ஒன்பது வருஷமா பசை மேசையில இருக்கேன்னு ஒரு தாள். சீல் வச்சு."

அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "நாம ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள தாள் எதுக்கு? மருந்துச் செலவு நான் பார்த்துக்கிறேன். நீங்க ஓய்வெடுங்க."

"மருந்து இல்ல மூப்பரே, அங்க தாள் இல்லாம..."

"கர்த்தரை நம்புங்க சகோதரி." தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவர் பயம் எங்களுக்கும் புரிந்தது. தாள் போனால் அதிகாரிகள் வருவார்கள். அதிகாரிகள் வந்தால் பசைப் பிரிவை மூடுவார்கள். பிரிவு மூடினால் இருநூறு பேர் கஞ்சிக்கு எங்கே போவது? இதை அவர் தனியாகச் சிலரிடம் சொன்னார். கேட்டவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். ஒரு வாரத்தில் ஃபெங்ஜீயின் கால் எங்கள் எல்லோருடைய சோற்றுக்கும் குறுக்கே நிற்கிற காலாகிவிட்டது.

ஆனால் அன்புக்குக் குறைச்சலில்லை. சபையில் "ஆறுதல் குழு" என்று ஒன்று இருந்தது. முறை வைத்து வந்தார்கள். கால் ஊறவைக்க மூலிகை, மரத் தொட்டி, கம்பளிக் காலுறை, இன்னொரு போர்வை. வந்தவர்கள் அவள் பாதத்தை வெந்நீரில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு தடவை தண்ணீர் கொதித்ததே அவளுக்குத் தெரியாமல் தோல் உரிந்துவிட்டது. அதற்குக் களிம்பு கொண்டுவந்தார்கள்.

தேஷெங்குக்கு இந்த விசுவாசமெல்லாம் கிடையாது. போர்வைகளைச் சுவரோரம் அடுக்கிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். "பாரு மெய்ரோங், நாலாச்சு. இன்னும் ரெண்டு வந்தா நான் வராந்தாவுல படுக்கணும். உங்க கர்த்தர்கிட்ட பேனா இல்லையா? ஒரு வரி எழுதித் தரச் சொல்லேன்."

"வாயை மூடு" என்றாள் ஃபெங்ஜீ. ஆனால் அவன் வேலைக்குப் போனதும் என்னிடம் சொன்னாள்: "அவன் சொல்றது சரிதான் தங்கச்சி. எனக்கு எரிச்சலா வருது. யாராவது பையோட வந்தாலே எரிச்சல். நல்லது செய்ய வர்றவங்கமேல கோபப்படுறேனேன்னு அதுவேற எரிச்சல்."

ஆறு முறை தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனாள். சீல் வைத்திருப்பவர் வெளியூர், சீல் பூட்டியிருக்கிறது, மூப்பர் கூட்டத்தில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள். ஏழாம் முறை வாசல் காவலாளி அவளை உள்ளே விடவில்லை. அவனும் ஹெனான்காரன்தான். "அக்கா, என்னை மாட்டிவிடாதீங்க" என்று கெஞ்சினான்.

ஈஸ்டர் வந்தது. அந்த வருடம் உள்ளூர்க்காரர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் மேல்தளத்தில் சேர்த்து ஆராதனை. எல்லோருக்கும் புரிகிற பொதுமொழியில். சாட்சி சொல்ல ஒரு வெளியூர் ஆள் வேண்டும் என்றார்கள். சபையின் அன்பைப் பற்றிப் பேச ஃபெங்ஜீயை விடப் பொருத்தமானவள் யார்? ஆறுதல் குழுவே அவள் பெயரைக் கொடுத்தது. நிங் மட்டும் தயங்கினாள். "அக்கா, என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

"நடந்ததைச் சொல்வேன்" என்றாள் ஃபெங்ஜீ.

என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். அறுநூறு பேர் இருப்பார்கள். ஜின் மூப்பரும் மனைவியும் முதல் வரிசை.

"நான் கோ ஃபெங்ஜீ. சபை எனக்கு நாலு போர்வை குடுத்திச்சு. ஸ்தோத்திரம்."

"ஆமென்!" என்றது சபை.

"அரிசி குடுத்திச்சு, எண்ணெய் குடுத்திச்சு. இந்த சகோதரிங்க என் காலைக் கழுவி விட்டாங்க. எங்க அம்மாகூட அப்படிக் கழுவினதில்ல. ஸ்தோத்திரம்."

"ஆமென்!"

"ஜின் மூப்பர் என் அறையில முட்டி போட்டு ஜெபிச்சாரு. நடிப்பு இல்ல. உண்மையாவே அழுதாரு, நான் பார்த்தேன்."

"ஆமென்!" இந்த முறை இன்னும் பலமாக.

"இப்ப எனக்கு ஒரு தாள் வேணும். ஒன்பது வருஷம் அவரு தொழிற்சாலையில பசை ஒட்டினேன்னு. சீல் வச்ச தாள். மூப்பரே, எல்லார் முன்னாடியும் கேக்குறேன், தர்றீங்களா?"

பின்வரிசையில் அரைத்தூக்கத்தில் இருந்த ஒரு கிழவர் மட்டும் பழக்கத்தில் "ஆமென்" என்றார்.

ஃபெங்ஜீ காத்திருந்தாள். மறுபடி கேட்டாள். "தர்றீங்களா?" ஜின் மூப்பர் மடியிலிருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அழ ஆரம்பித்தாள். யாரோ கண் காட்ட, பியானோ ஒலித்தது, பாடகர் குழு எழுந்து பாடியது. பாட்டு முடியும்வரை ஃபெங்ஜீ ஒலிபெருக்கிக்கு முன்னாலேயே நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பளிங்குப் படியில் எங்கள் ஆட்களே அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டியே!" என்றாள் ஒருத்தி. வெட்டுப் பிரிவுக்காரி, ஃபெங்ஜீயின் காலுக்குப் போர்வை போர்த்திவிட்டவள்.

"தனியாப் போய்க் கேட்டிருக்கலாமில்ல?"

"ஏழு தடவ போனேன்."

"எட்டாவது தடவ போயிருக்கணும்" என்றான் ஒருவன். அவன் கேலிக்குச் சொல்லவில்லை.

மறுநாள் தேஷெங்குக்கு வேலை இல்லை என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அவன் வீட்டுக்கு வந்து, போர்வை அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்து, "சபையோட அன்பு உசரமாத்தான் இருக்கு" என்றான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. என் மகளுக்கு அந்த வருடம் ஏழு வயது. வெளியூர்ப் பிள்ளையை நகரப் பள்ளியில் சேர்க்க வேண்டுமானால், தாய் இங்கே வேலை பார்க்கிறாள் என்று முதலாளியிடமிருந்து சான்று வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையை மலைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் பயந்து பயந்து அலுவலகத்துக்குப் போனேன். ஐந்தே நிமிடம். பெயர், பிரிவு, சேர்ந்த தேதி, கீழே சிவப்பு சீல். "நல்லாப் படிக்க வைங்க சகோதரி" என்று ஜின் மூப்பரே கையில் கொடுத்தார். பூட்டியிருந்த சீல், வெளியூர் போன ஆள், எல்லாம் அன்றைக்கு அங்கேயே இருந்தது.

அதே நேரத்தில் நிங் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தாள். கம்பெனி தாள் தராவிட்டால், கூட வேலை பார்த்தவர்களோ வேலையை நேரில் பார்த்தவர்களோ எழுதிக் கையெழுத்துப் போட்ட சாட்சியை மருத்துவமனை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வக்கீல் சொன்னாராம். குறைந்தது மூன்று பேர். நிங் தானே முதலில் எழுதினாள். நான்கு வருடம் திங்கட்கிழமைதோறும் ஜெபம் நடத்தப் போனேன், இவளைப் பசை மேசையில்தான் பார்த்தேன், ஜன்னல்கள் மூடியிருந்தன என்று. யுன்னான்காரி லூ இரண்டாவதாகப் போட்டாள். மூன்றாவது ஆளுக்காக நிங் அறை அறையாக ஏறி இறங்கினாள். கதவு திறந்தார்கள், தேநீர் கொடுத்தார்கள், "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்றார்கள்.

என் கதவையும் தட்டினாள். என் மகளுக்குப் பள்ளி முடிவு வரும் வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். நிங் தலையாட்டிவிட்டுப் போனாள். ஃபெங்ஜீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குழாயடியில் பார்த்தால் "பாப்பாவுக்கு இடம் கிடைச்சிருச்சா?" என்று மட்டும் விசாரிப்பாள். அந்தக் கேள்வியை அவள் கேட்காமல் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பத்தொன்பது நாள் தாங்கினேன். இருபதாம் நாள் மதிய இடைவேளையில், முடிவு வருவதற்கு முன்பே, நிங்கைத் தேடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். தைரியத்தில் போட்டேன் என்று சொல்லமாட்டேன். என்மேலேயே எனக்கு வந்த எரிச்சலில் போட்டேன்.

மகளுக்கு இடம் கிடைத்தது. என்னைத் தையலிலிருந்து எடுத்து நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அதோடு விட்டுவிட்டார்கள். நிங்குக்கு சபை "ஓய்வு" கொடுத்தது. கீழ்த்தளம் பழுதுபார்க்கப்படுவதால் வெளியூர் ஐக்கியம் சில மாதம் நடக்காது என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

மருத்துவமனை ஃபைலைத் திறந்தது. அதிகாரிகள் தொழிற்சாலைக்குக் கடிதம் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பார்த்தால் பசைப் பிரிவே இல்லை. மேசை, பசை டின், ஒட்டும் இயந்திரம் எல்லாம் லாரியில் ஏறி, ஜின் மூப்பரின் மைத்துனர் பெயரில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. சோதிக்க வந்தவர்கள் காலி அறையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஃபெங்ஜீ திரும்பத் திரும்ப அதிகாரிகளிடம் பஸ்ஸில் போய் அதே கேள்விகளுக்கு அதே பதிலைச் சொல்லிவிட்டு வந்தாள். போகும்போதெல்லாம் ஒரு ஃபாரத்தில் ஒரு எழுத்து தப்பாக இருக்கும்.

மறு வசந்தத்தில்தான் முடிவு வந்தது: பசைத் திரவத்தால் வந்த நாள்பட்ட நச்சுத்தாக்கம், லேசான வகை. "லேசானது" என்ற சொல்லை அவள் விரலால் தேய்த்தாள், அழிந்துவிடும் போல. கிடைத்த ஈட்டுத்தொகை வைத்தியத்துக்குச் சரியாக இருந்தது. கணுக்கால் வரை உணர்ச்சி திரும்பியது. கால்விரல்களுக்குத் திரும்பவில்லை. தேஷெங் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினான். அவள் சந்து முனையில் ஹெனான் பாணி வேகவைத்த ரொட்டி விற்றாள், ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

நிங் ஊருக்குப் போகவில்லை. சைக்கிள் கடையாக இருந்த ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்தாள். வியாழக்கிழமை மாலையில் ஒரு ஜெபம், ஒரு பாடம், பிறகு வேலை ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, எந்தத் தாளுக்கு நகல் வைத்துக்கொள்வது, பசை டின்னின் மேல் என்ன எழுதியிருக்கிறது. ஃபெங்ஜீ வாசலில் நின்று போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்க தம்பி, அரை மணி நேரம்தான்."

"என்ன குடுப்பீங்க அத்தை? அந்தப் பெரிய சபையில மின்விசிறி குடுத்தாங்களே."

"ஒண்ணும் குடுக்க மாட்டோம். சொல்லிக் குடுப்போம்."

"அப்ப அடுத்த வாரம் பார்க்கலாம்."

ஏழு பேர் வருவார்கள். சில வாரம் ஐந்து. அவர்களில் இரண்டு பேர் தூங்குவார்கள். ஃபெங்ஜீ ஆத்திரத்தில் நிங்கிடம் கத்துவாள்: "நாம எதுக்கு இந்தத் தொண்டைத்தண்ணியை வத்த வைக்கணும்? அவனுங்களுக்குப் போர்வைதான் வேணும்." நிங் நாற்காலியை மடிப்பாள்.

இதற்கிடையில் பெரிய சபையிலிருந்து அழைப்பு வந்தது, நன்றி ஆராதனைக்கு. போகாதே என்று தேஷெங் சொன்னான். அவள் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. ஜின் மூப்பர் மேடை ஏறிச் சாட்சி சொன்னார். தன்னுடைய எல்லாப் பிரிவிலும் காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறிகள் வைத்துவிட்டாராம். மைத்துனர் பெயரில் உள்ள இடத்திலும்தான். காகித மூடிக்குப் பதிலாக நல்ல முகமூடி. "தனிமையில ஜெபிச்சுக்கிட்டிருந்தப்ப கர்த்தர் என்னோட பேசினாரு" என்றார். சபை ஆமென் சொன்னது.

ஃபெங்ஜீ என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. "கர்த்தரா பேசினாரு?" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது முன் இரண்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். "நான்ல பேசினேன்!"

வெளியே வந்தும் அவள் கோபம் ஆறவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, விசிறி வைத்தது நல்லதுதானே என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"நல்லதுதான்" என்றாள். "இல்லன்னு யாரு சொன்னா? அந்தப் புள்ளைங்க மூச்சு விடட்டும். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை, 'சகோதரி, தப்பு என்மேல'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு என்ன சீலா வேணும்?"

பஸ் வந்தது. கூட்டம். ஒருவன் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான். அவள் உட்காரவில்லை. வியாழக்கிழமைக்கு யாரையெல்லாம் கூப்பிடலாம் என்று, கம்பியைப் பிடித்தபடி, அந்தக் கோபம் குறையாமலே என்னிடம் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.